வின்கிரிஸ்டின் இனி சிரிஞ்சில் போவதில்லை

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டுப் புற்றுநோய் மருந்தாளுநர்கள் எங்களுக்கு அளித்த பயிற்சியில் கண்டவற்றைப் பகிர்கிறேன். இம்மாவட்டத்துக்கு அயல்நாட்டுத் தொடர்பு புதிதன்று. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டாக்டர் சாமர்வெல்தான் நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்து, புற்றுநோய்க்கு ரேடியம் சிகிச்சையும் அளித்தவர். அன்று வந்தவை ஆளும் கருவியும்; எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் கேள்விகள்.

கையாள்பவருக்கும் கேடு செய்யக்கூடிய புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும்போது எவ்வளவு சிந்துகிறது என்பது முதல் கேள்வி. ஒன்றும் சிந்தாது என்றார் எங்கள் மூத்த செவிலியர் அக்கா. பயிற்சியாளர் மறுத்துப் பேசாமல், கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபுளோரசீன் சாயத்தை உப்புநீரில் கரைத்துக் குப்பியில் அடைத்துக் கொடுத்து, வழக்கம்போல் உறிஞ்சிப் பைக்குள் செலுத்தச் சொன்னார். பிறகு அறையை இருட்டாக்கிப் புறஊதா டார்ச்சை அடித்தபோது கையுறையின் விரல்நுனி, குப்பியின் கழுத்து, டிரேயின் விளிம்பு, அக்கா குறிப்பெழுதிய பேனா என எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன. "சார், இந்தப் பேனாவை நான் வீட்டுக்குல்லா கொண்டு போறேன்!" என்றார் அக்கா. குப்பிக்குள் காற்றை மிகுதியாகச் செலுத்தினால் அழுத்தம் ஏறி, ஊசியை உருவும் கணத்தில் மருந்து தெறிக்கும் என்பதைப் படித்துத்தான் இருந்தோம். ஆயினும் இரட்டைக் கையுறையைப் பற்றி யாரும் முணுமுணுக்காமல் ஆனது அந்த மாலைக்குப் பிறகுதான்.

மற்ற வகுப்புகள் இணையவழியில் நடந்தன. ஒரு வகுப்பில், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எதில் வார்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள். பல இடங்களில் உள்ள வழக்கப்படி சிரிஞ்சில்தான் அனுப்பி வந்தோம். இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைக்குச் சிரை வழியாக வின்கிரிஸ்டினும் முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு மருந்தும் ஒரே நாளில் போட நேர்வதுண்டு. இரண்டும் சிரிஞ்சிலேயே இருப்பதால் ஒன்றுக்கொன்று மாறி, வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் சென்றுவிட்டால் அது பெரும்பாலும் மரணத்தில்தான் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே இதுபற்றி எச்சரித்து, சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து ஏற்றச் சொல்லியிருக்கிறது; பையை எவரும் முதுகுத்தண்டு ஊசியில் மாட்ட முனையமாட்டார்கள். எங்கள் மருத்துவர் ஒருவர், சொட்டாக ஏற்றும்போது மருந்து சிரைக்கு வெளியே கசிந்து புண்ணாக்குமே என்று தயங்கினார். அது நியாயமான அச்சம் என்பதால், செவிலியர் அருகிலேயே நின்று ஐந்து, பத்து நிமிடத்தில் ஏற்றி முடிப்பது என்று முடிவாயிற்று. இந்த மாற்றத்துக்கு ஆன செலவு ஒரு சிறு பையின் விலைதான்.

அவர்கள் சொன்னவற்றில் சில இங்கே பொருந்தவில்லை. மருந்து வெளியே கசியாமல் கலக்க உதவும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மூடிய கலவைக் கருவிகளை வலியுறுத்தினார்கள்; 5-ஃபுளோரோயுராசில் போன்ற மலிவான மருந்துக்கு அதை வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். மாறாக, மருந்து வீணாகாமல் பார்ப்பதில் நாங்களும் சொல்வதற்குச் சில இருந்தன. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தின் 440 மில்லிகிராம் குப்பியை, அதனுடன் வரும் கிருமித்தடுப்பு நீரில் கரைத்தால் 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் வைக்கலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் போதும் என்பதால், மீதியை அவருடைய அடுத்த தவணைக்கோ அதே நாளில் வரும் இன்னொருவருக்கோ கணக்கிட்டு வைக்கும் எங்கள் பதிவேட்டை அவர்கள் படமெடுத்துக்கொண்டார்கள்.

மாத்திரைகள்தாம் இன்னும் சிக்கல். கேபசிடபின் மாத்திரையை உணவு முடித்த அரைமணி நேரத்துக்குள், நாளுக்கு இருவேளை விழுங்க வேண்டும். அவர்கள் தந்த அட்டவணையில் காலை உணவு எட்டு மணிக்கு என்றிருந்தது. குளச்சலிலிருந்து வந்த மீனவர் ஒருவர், "எட்டு மணிக்கு நான் கடல்ல கிடப்பேன்" என்றார். எனவே மணிக்கணக்கை எடுத்துவிட்டு, கடலுக்குப் போகுமுன் குடிக்கும் கஞ்சிக்குப் பிறகு ஒருவேளை, ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரம் கழித்து மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவேளை என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தினருக்கு மலையாளத்திலும் ஓர் அட்டை தயாராகி வருகிறது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றுவிட்டு மருந்துச்சீட்டுடன் எங்களிடம் வருபவர்களுக்கு அது உதவும்.