ரிலீஸ் தேதி யார் கையில்?

பின்னலாடைக்காரன்:
பீளமேடு பிஎம் மேலே எழுதியதைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. "பெரிய கார்ப்பரேட் ஐடி துறையில் மென்பொருளில் என்ன வரவேண்டும் என்று தீர்மானிக்கிற புராடக்ட் மேனேஜர் (பிஎம்) வைத்ததுதான் சட்டம். பின்னலாடை ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கிற திருப்பூர் மெர்ச்சண்டைசர் மாதிரி நாலு பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிற பிழைப்பு இல்லை" என்கிறார். சரிங்க. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ரிலீஸ் தேதி உங்கள் கையிலா?

பீளமேடு பிஎம்:
ரோட்மேப் போடுவது நான். பேக்லாகில், அதாவது செய்யவேண்டிய வேலைப் பட்டியலில், எது முதலில், எது கடைசியில் என்பதும் நான் சொல்வதுதான். புராடக்ட் ஓனர் ஒரே ஆள்தான், கமிட்டி கிடையாது என்று ஸ்கிரம் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை) கையேடே சொல்கிறது. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) கலர் சேரவில்லை என்று சாயப்பட்டறை வாசலில் நிற்கிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது!

பின்னலாடைக்காரன்:
கேட்டது தேதி. நாங்கள் டிஎன்ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) காலண்டர் போட்டு, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் எந்த நாள், தையலில் எந்த நாள் இறங்கும், ஷிப்மெண்ட் எந்த நாள் என்று பையருக்கு எழுதிக் கொடுக்கிறோம். எங்களால் தவறினால், கப்பலில் போகவேண்டிய சரக்கு எங்கள் செலவில் விமானம் ஏறும். உங்களுக்கென்ன, டிக்கெட்டை (வேலைப் பதிவை) அடுத்த ஸ்பிரிண்டுக்கு, அதாவது அடுத்த வேலைச் சுற்றுக்கு, இழுத்து விட்டால் முடிந்தது.

குறிச்சிக்குளம்:
இரண்டு பேரும் குழப்புகிறீர்கள். புராடக்ட் ஓனர் என்பது ஸ்கிரமில் ஒரு பொறுப்பு. புராடக்ட் மேனேஜர் பதவிக்கு வேர் என்று பலரும் காட்டுவது, 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிளில் நீல் மெக்எல்ராய் எழுதிய மெமோவை. ஒரு பிராண்டுக்கு ஒரு குழு பொறுப்பு என்று சோப்புக் கம்பெனியில் ஆரம்பித்தது. முதலில் எதைப் பேசுகிறோம் என்று...

பின்னலாடைக்காரன்:
சோப்பு இருக்கட்டுங்ணா. தேதி?

பீளமேடு பிஎம்:
செக்யூரிட்டி பார்க்கணும், மாற்றங்களுக்கு அனுமதி தரும் சேஞ்ச் போர்டு ஒப்புக்கொள்ளணும். வருடக் கடைசியில் சேஞ்ச் ஃப்ரீஸ் (மாற்றத் தடை) போட்டுவிட்டால் அவசரம் தவிர எதையும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில், அதாவது புரொடக்‌ஷனில் தொட முடியாது. பெரிய இடம் என்றால் அப்படித்தான்.

பின்னலாடைக்காரன்:
ஆக, தேதி அவர் கையில் இல்லை! டெவலப்பர் அவருக்கு ரிப்போர்ட் செய்வதில்லை, டெஸ்டரும் இல்லை. "சின்ன அப்டேட் கிடைக்குமாங்க" என்று டீம்ஸில் தட்டிக்கொண்டே இருப்பதற்கு என்ன பேராம்?

கீரணத்தம் கோடர்:
நான் டெவலப்பர். சத்தி ரோட்டில் பஸ்சுக்குள் நசுங்கி நிற்கும்போதுதான் "சின்ன மாற்றம்தான் ப்ரோ" என்று மெசேஜ் வரும். திறந்தால் அப்ரூவல் ஃப்ளோ முழுக்க மாறியிருக்கும்.

பீளமேடு பிஎம்:
ரெண்டு நாள் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டு ரெண்டு வாரம் உட்காருகிறவர்கள் பஸ் கதை பேசவேண்டாம். அப்புறம் பின்னலாடையாரே, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உங்கள் டிஎன்ஏ எந்தத் தேதியைக் காப்பாற்றியது? போன மாதம் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு பற்றிக் கேட்டதற்கும் ஆளைக் காணோமே.

பின்னலாடைக்காரன்:
அன்றைக்கே பையருக்குப் போன் போட்டுப் புதுத் தேதி வாங்கினோம்.

பீளமேடு பிஎம்:
போன் போட்டா? கெஞ்சியா?

பின்னலாடைக்காரன்:
அது வேறங்க. பேச்சை மாற்றாதீர்கள். ரிலீஸ் தேதி யார் கையில்?

குறிச்சிக்குளம்:
மெமோ பற்றி ஒருத்தரும் படிக்கவில்லை போல.

கீரணத்தம் கோடர்:
ரெண்டு வாரம் என்றது யாரை? அந்த டிக்கெட்டில் நடுவில் மூன்று முறை ரிக்வயர்மெண்ட் மாறியது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடட்டுமா?