குவெஸ்ட் 2 போட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது

கல்லடிப் பொடியன்:
கட்டாரில் இருந்து லீவில் வந்த அண்ணன் மெட்டா குவெஸ்ட் 2 என்ற, தலையில் மாட்டிப் பார்க்கும் வி.ஆர். கருவி ஒன்று கொண்டுவந்தார். அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. நான் போட்டால் எழுத்தெல்லாம் இரட்டை, பத்து நிமிடத்தில் தலையிடி. நான் மைனஸ் 2 கண்ணாடிக்காரன். திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் போடுகிறேன். சாமான் பழுதா?

காத்தான்குடி நானா:
பழுதில்லை தம்பி. இரண்டு லென்ஸுக்கும் நடுவில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். எதில் நிற்கிறது?

கல்லடிப் பொடியன்:
3.

காத்தான்குடி நானா:
அதுதான் சங்கதி. 3 என்றால் லென்ஸ் இடைவெளி 68 மில்லிமீற்றர். 2 என்றால் 63, 1 என்றால் 58. அண்ணன் தன் கண்ணுக்கு வைத்திருக்கிறார். லென்ஸைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கைப் பிடித்துத் தள்ளுங்கள். லென்ஸில் விரல் வைக்க வேண்டாம்.

கல்முனைக் கண்ணாடிக் கடை:
இரண்டு கண் பாவைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துவிட்டுத் தள்ளுங்கள் தம்பி. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று அடிமட்டத்தைப் புருவத்தில் வையுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண் பாவையின் நடுவில் பூச்சியத்தை நிறுத்துங்கள். பிறகு தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக்கண் பாவைக்கு நேரே உள்ள மில்லிமீற்றர் அளவைப் பாருங்கள். மூன்று தரம் செய்யுங்கள், முதல் தரம் எல்லோருக்கும் பிழைக்கும். 61க்குக் கீழே என்றால் 1, 66 வரை 2, அதற்கு மேல் 3.

உங்கள் கண்ணாடியைக் கழற்றவும் வேண்டாம். திரை பக்கத்தில் இருந்தாலும் லென்ஸ் அதை ஒரு மீற்றருக்கும் அப்பால் இருப்பதுபோலக் காட்டும். மைனஸ் 2க்கு அரை மீற்றருக்கு அப்பால் மங்கல்தானே. பெட்டியில் ஸ்பேசர் என்று ஒரு கறுப்புச் சட்டம் கிடக்கும். அதைப் போடாவிட்டால் உங்கள் கண்ணாடி உரசி லென்ஸில் கீறல் விழும்.

கல்லடிப் பொடியன்:
60 வந்தது. 1க்குத் தள்ளினேன், இரட்டை போய்விட்டது. ஸ்பேசரும் கண்ணாடியும் போட்டும் கொஞ்சம் மங்கல்.

காத்தான்குடி நானா:
பின்பட்டியைப் பிடரிக்கு இறக்கிவிட்டு, முன்பக்கத்தை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். நடுப்புள்ளியில்தான் கூர்மை. அப்புறம், வெயில் படும் யன்னலோரம் மட்டும் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் திரை கருகும்.

கல்லடிப் பொடியன்:
சரியாகிவிட்டது, நன்றி. இப்போது அண்ணன் தனக்கு இரட்டையாகத் தெரிகிறது என்று கத்துகிறார்.

காத்தான்குடி நானா:
3க்குத் தள்ளிக் கொடுங்கள் தம்பி.