பெரியவீட்டுக் குடும்பக் குழு: ஆஷூரா நாள் உரையாடல்

உமர்: அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா. இன்று ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலைக் கடந்து வந்தபோது, கறுப்பு உடை அணிந்த ஷியாக் கூட்டம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதைக் கண்டேன். நாம் நோன்பு வைக்கும் நாளில் அவர்கள் ஏன் துக்கம் காக்கிறார்கள்?

மாமி: அவர்களுடைய மார்க்கமே வேறு என்று காலையில் ஒரு ஃபார்வர்டு வந்தது. அதைத்தான் மேலே போட்டிருக்கிறேன்.

சாச்சா: வஅலைக்கும் ஸலாம். லாத்தா, குர்ஆனும் ஒன்று, தொழும் திசையான கிப்லாவும் ஒன்று. பிளவு தொடங்கியது, அடுத்த தலைவர் யார் என்ற கேள்வியில். 632-இல் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது, அவர்களின் மருமகன் அலி (ரலி) உள்ளிட்ட குடும்பத்தார் அடக்க ஏற்பாடுகளில் இருக்க, ஸகீஃபா என்ற கூடத்தில் கூடியவர்கள் நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களைக் கலீஃபாவாக, அதாவது அடுத்த தலைவராக, ஏற்றார்கள். அதை ஏற்றவர்களின் வழிவந்தோர் சுன்னிகளான நாம். அலியே உரியவர் என்று கருதியவர்களின் வழிவந்தோர்தாம் ஷியாக்கள். ‘ஷீஅத்து அலி’ என்றால் அலியின் தரப்பார் என்று பொருள். ‘நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா’ என்று கதீர் கும் என்ற இடத்தில் நபியவர்கள் சொன்னதை இரு தரப்புமே ஏற்கிறது. நாம் அச்சொல்லுக்கு நேசர் என்று பொருள் கொள்கிறோம். அவர்கள் தலைவர் என்று கொள்கிறார்கள்.

அலி காக்கா: ஒரு சொல்லுக்காகவா இத்தனை நூற்றாண்டுப் பகை?

சாச்சா: சொல்லோடு நின்றிருந்தால் கிதாபுகளுக்குள்ளேயே முடிந்திருக்கும், ரத்தமும் சேர்ந்துவிட்டது. 661-இல் ஈராக்கின் கூஃபா பள்ளிவாசலில் அலி (ரலி) வெட்டப்பட்டார். வெட்டியவன் இரு தரப்பிலும் சேராத, காரிஜி என்ற தனிக் குழுவைச் சேர்ந்தவன். 680-இல், முஹர்ரம் பத்தாம் நாள், அப்போது ஆட்சியில் இருந்த யஸீதுக்கு பைஅத், அதாவது விசுவாச உறுதிமொழி, செய்ய மறுத்த அலியின் மகனும் நபியவர்களின் பேரருமான ஹுசைன் (ரலி), ஆற்று நீரும் மறுக்கப்பட்ட நிலையில், கர்பலாவில் தம் தோழர்களோடு கொல்லப்பட்டார். மூஸா நபி எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து மீண்டதற்கு நன்றியாக நாம் நோன்பு வைக்கும் அதே நாள்தான் அது. கர்பலா மண்ணால் செய்த சிறு வில்லையை விரிப்பில் வைத்து, அதன்மேல் நெற்றி பதித்துத் தொழுகிற வழக்கம் இன்றும் அவர்களிடம் உண்டு. நமக்கும் அந்த வலி இல்லாமலில்லை. நம் ஊரில் பிள்ளைக்கு யஸீத் என்று பெயர் வைத்தவரை நான் பார்த்ததில்லை.

உமர்: ஈரான் மட்டும் எப்படி முழுக்க அந்தப் பக்கம் போயிற்று?

சாச்சா: அது அரசர் செய்த வேலை. பெரும்பாலும் சுன்னிகள் வாழ்ந்த அந்நாட்டில், 1501-இல் தப்ரீஸைப் பிடித்த ஷா இஸ்மாயில் ஷியா வழியை அரச மதமாக்கினார். 1514-இல் சால்திரான் போரில் சுன்னிகளான உஸ்மானியத் துருக்கியர் அவரைத் தோற்கடித்தார்கள். அதன்பின் மத்ஹபு, அதாவது மார்க்கப் பிரிவு, வேற்றுமை நாட்டு எல்லையாகவும் ஆயிற்று. ஆனாலும் 1980 முதல் 1988 வரை நடந்த போரில், ஈராக்கின் ஷியா வீரர்களே ஈரானை எதிர்த்துச் சண்டையிட்டார்கள் என்பதை ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. 2006-இல் ஈராக்கின் சாமர்ராவில் ஷியாக்களின் புனிதத் தலத்துப் பொற்குவிமாடம் தகர்க்கப்பட்ட பிறகு, பாக்தாத் சாலைகளில் அடையாள அட்டையிலுள்ள பெயரைப் பார்த்தே ஆட்களைக் கொன்றார்கள். சுன்னிகள் போற்றும் கலீஃபா உமரின் பெயர் ஷியா பேட்டையில் ஆபத்து. அலி என்ற பெயர் சுன்னி பேட்டையில் ஆபத்து. போலிப் பெயரில் இரண்டாவது அட்டை வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அலி காக்கா: தம்பி உமர், நாம் இருவரும் ஒரே வண்டியில் போயிருந்தால் எந்தச் சாவடியில் இறங்கியிருப்போம்?

மாமி: உங்கள் இருவருக்கும் பெயர் வைத்தது உங்கள் வாப்பிச்சாதான். அந்த ஃபார்வர்டை எல்லோருடைய போனிலிருந்தும் எப்படி நீக்குவது என்று யாராவது சொல்லுங்கள்.