புதுப்பிப்பு: உறைபனி இல்லாத ஊரில் ஃபிறீஸ் பிளக் எதற்கு?

எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் கறள் வழியும் வட்ட மூடி, அதாவது ஃபிறீஸ் பிளக், பற்றி முன்பு எழுதியதற்கு, "யாழ்ப்பாணத்தில தண்ணி உறையாதே, பிறகேன் இது?" என்று கேட்டிருந்தீர்கள்.

புளொக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிகளுக்கு உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். அதைத் தாங்கவும், பிறகு மணலை வெளியேற்றவும் விட்ட ஓட்டைகளின் மூடிதான் இது. 'ஃபிறீஸ்' என்ற பெயர் ஏனென்றால், புளொக்குக்குள் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9% பெருக்கும். அப்போது பிளக் தள்ளுப்பட்டு புளொக் தப்பலாம், ஆனால் நம்பியிருக்க முடியாது.

எங்களுக்கு எதிரி கறள்தான். ரேடியேற்றருக்குள் எங்கட கிணற்றுத் தண்ணீரை விட்டால் காவி படியும், மெல்லிய இரும்புத் தகடான பிளக் உள்ளிருந்தே அரிபடும். வெளியே ஊசித்துளை தெரியும்போது உட்பக்கம் பெரும்பாலும் போயிருக்கும். ஒன்று ஒழுகினால் கைக்கு எட்டும் மற்றவற்றையும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஆறியபின் தண்ணீரை வடித்து, பிளக்கின் ஒரு ஓரத்தில் தட்டுங்கள். குறுக்கே திரும்பும், குறடால் இழுக்கலாம். உள்ளே விழவிடாதீர்கள். ஓட்டையின் சுவரை எமரிக் கடதாசியால் துடைத்து, சீலன்ற் (ஒழுக்கை அடைக்கும் பசை) மெல்லிதாகப் பூசி, பிளக்கின் குழிக்குள் பொருந்தும் சொக்கற்றை வைத்து நேராக அடியுங்கள். கோணலாக இறங்கியது பெரும்பாலும் ஒழுகும். கழற்றிப் புதியது போடுங்கள். பித்தளையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கறள் பிடிக்காது. பிறகு கூலன்ற்றும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ரேடியேற்றருக்குள் விடுங்கள்.