‘வீஃபேட்’ கோப்பு முறைமை தெரியவில்லை என்று எமர்ஜென்சி நிலையில் நின்றுவிடும் டெபியன் 12 வீட்டுச் சர்வர்: உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இன்டெல் என்100 செயலி கொண்ட சிறிய கணினி ஒன்றில் டெபியன் 12 நிறுவி, வீட்டுச் சர்வராகப் பயன்படுத்தி வருகிறேன். குடும்பத்தாரின் ஒளிப்படங்களை, கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பா வழியாகச் சேமித்து வைப்பதே அதன் முதன்மை வேலை. யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறது. வட்டில் வீஃபேட் வகை ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று, கெர்னல் கோப்புகள் இருக்கும், 250 மெகாபைட்டுக்கும் குறைவான /பூட் பார்ட்டிஷன் ஒன்று, மீதி முழுவதும் ரூட் பார்ட்டிஷன் என்ற அமைப்பு உள்ளது.

சென்ற வாரம் தொகுப்பு மேலாளரான ஆப்ட் வழியாக முழு மேம்படுத்தல் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் தடைப்பட்டது. மீண்டும் இயக்கியபோது, ரூட் பார்ட்டிஷனில் முரண்பாடு உள்ளதாகவும் வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கைமுறையாக இயக்குமாறும் திரையில் வந்தது. லைவ் யூஎஸ்பியில் (யூஎஸ்பியிலிருந்தே இயங்கும் லினக்ஸில்) பூட் செய்து, வட்டைச் சரிபார்த்து, அங்கிருந்தே சிஹெச்ரூட் செய்து (வட்டில் உள்ள அமைப்புக்குள் நுழைந்து), பாதியில் நின்ற மேம்படுத்தலையும் முடித்துவிட்டேன். பிழை எதுவும் மீதம் இல்லை.

ஆனால் யூஎஸ்பியை எடுத்துவிட்டு இயக்கினால், பூட்லோடரான கிரப்பின் மெனு வழக்கம்போல் வருகிறது, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் தொடங்குகிறது, அதன் பிறகு /பூட்/ஈஎஃப்ஐ (ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்) மவுண்ட் ஆகவில்லை, அதாவது இணைக்கப்படவில்லை என்று கூறி எமர்ஜென்சி நிலைக்குப் (பழுது நீக்கும் கட்டளைத் திரைக்குப்) போய்விடுகிறது. ரூட் பயனரின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே சென்று கைமுறையாக மவுண்ட் செய்து பார்த்தால், ‘வீஃபேட்’ என்னும் கோப்பு முறைமை வகை தெரியாது என்ற பிழை வருகிறது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பழுதாகிவிட்டதா? அதை மீண்டும் ஃபார்மட் செய்ய வேண்டுமா?

மறுமொழி 1

மின்தடையின்போது ஃபேட் வகைப் பார்ட்டிஷன்கள் எளிதில் பழுதாகும். லைவ் யூஎஸ்பியிலிருந்து எஃப்எஸ்சிகே.வீஃபேட் இயக்கிப் பாருங்கள். அவசரமாகச் சர்வர் தேவைப்பட்டால், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் /பூட்/ஈஎஃப்ஐ வரியின் விருப்பங்களுடன் ‘நோஃபெயில்’ என்பதைச் சேர்த்துவிடுங்கள். மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரும்.

மறுமொழி 2

தயவுசெய்து ஃபார்மட் செய்ய வேண்டாம். ‘நோஃபெயில்’ சேர்ப்பதும் இப்போதைக்கு வேண்டாம். அது உண்மையான கோளாறைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

பிழைச் செய்தியின் சொற்களைக் கவனியுங்கள். பார்ட்டிஷன் பழுதாகியிருந்தால், சூப்பர்பிளாக் சரியில்லை அல்லது கோப்பு முறைமை வகை தவறு என்ற பொருளில் செய்தி வரும். உங்களுக்கு வந்திருப்பதோ, அப்படி ஒரு வகையே கெர்னலுக்குத் தெரியாது என்னும் செய்தி. டெபியனின் கெர்னலில் வீஃபேட் உள்ளிணைக்கப்படவில்லை. தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாகவே அது உள்ளது. ஆகவே அந்த மாட்யூலை எடுக்க முடியாத நிலையில் உங்கள் கெர்னல் இயங்குகிறது என்றே நான் ஐயுறுகிறேன். எமர்ஜென்சி திரையில் இருந்தபடியே கீழ்க்காணும் விவரங்களைப் பார்த்துத் தெரிவியுங்கள்: யூநேம் -ஆர் எந்தக் கெர்னல் பதிப்பு இயங்குவதாகக் காட்டுகிறது, /லிப்/மாட்யூல்ஸ் கோப்புறையில் எந்தப் பதிப்புகள் உள்ளன, /பூட் கோப்புறையில் எந்த விஎம்லினக்ஸ் (கெர்னல்) கோப்புகள் உள்ளன, நிறுவிய தொகுப்புகளைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் எந்தக் கெர்னல் தொகுப்பு நிறுவப்பட்டதாக இருக்கிறது. லைவ் யூஎஸ்பியில் நீங்கள் செய்தவற்றையும் வரிசை மாறாமல் எழுதுங்கள். விடை அங்கேதான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

ரூட் கடவுச்சொல் வைத்திருந்தது நல்லதாயிற்று. டெபியன் நிறுவும்போது அதை வெறுமையாக விட்டவர்களுக்கு, ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்ற ஒரு வரி மட்டுமே இந்த இடத்தில் கிடைக்கும். எமர்ஜென்சி திரையைப் பயன்படுத்தவே முடியாது.

கேட்டவர்

விரைவான மறுமொழிக்கு நன்றி. யூநேம் 6.1.0-27-ஏஎம்டி64 என்று காட்டுகிறது. /லிப்/மாட்யூல்ஸ் கோப்புறையில் 6.1.0-28 மட்டுமே உள்ளது. /பூட் கோப்புறையில் 26, 27 ஆகிய இரண்டின் கோப்புகள் உள்ளன, 28 இல்லை. ஆனால் டிபிகேஜி பட்டியலில் 28 மட்டுமே முறையாக நிறுவப்பட்டதாக இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது எனக்கும் இப்போதுதான் புலப்படுகிறது.

லைவ் யூஎஸ்பியில் ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி என்ற இடத்தில் மவுண்ட் செய்தேன், டெவ், ப்ராக், சிஸ் ஆகியவற்றை பைண்ட் செய்தேன் (அதே கோப்புறைகளை அங்கேயும் தெரியவைத்தேன்), சிஹெச்ரூட் செய்தேன். பிறகு டிபிகேஜியின் மீதமிருந்த அமைவுகளை முடித்து, ஆப்ட் முழு மேம்படுத்தலை இயக்கினேன். 28ஆம் கெர்னலை அமைக்கும்போது, /பூட்/கிரப் என்னும் கோப்புறை இல்லாததால் கிரப்.சிஎஃப்ஜி கோப்பை உருவாக்க முடியவில்லை என்று அது நின்றது. மின்தடையில் அந்தக் கோப்புறை அழிந்திருக்கும் என்று கருதி, எம்கேடிர் கட்டளையால் உருவாக்கிவிட்டு மீண்டும் இயக்கியதும் எல்லாம் நிறைவேறியது. /பூட் நிரம்பப் போகிறது என்ற கவலை முன்பே இருந்ததால், 26, 27 தொகுப்புகளையும் பெயரிட்டு நீக்கினேன்.

மறுமொழி 2

கோளாறு முழுவதும் அந்த எம்கேடிர் நடந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. /பூட்/கிரப் அழியவில்லை. /பூட் பார்ட்டிஷனே அப்போது மவுண்ட் ஆகியிருக்கவில்லை. சிஹெச்ரூட் என்பது எஃப்எஸ்டேப் கோப்பைத் தானாகப் படித்து எதையும் மவுண்ட் செய்யாது. ரூட் பார்ட்டிஷனை மட்டும் மவுண்ட் செய்து உள்ளே சென்றால், /பூட் என்பது ரூட் பார்ட்டிஷனில் உள்ள, இயல்பில் காலியான ஒரு கோப்புறை மட்டுமே. கிரப் இல்லை என்று வந்த பிழை, தவறான இடத்தில் எழுதப் போகிறோம் என்ற எச்சரிக்கையாக இருந்தது. கோப்புறையை உருவாக்கியதும் தடை நீங்கி, 28ஆம் கெர்னலும் (பூட்டின் தொடக்கத்தில் தேவைப்படும் மாட்யூல்கள் கொண்ட) அதன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் புதிய கிரப் மெனுவும் அந்த இடத்தில் எழுதப்பட்டன.

இப்போது பூட் நடக்கும் வரிசையைப் பாருங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் டெபியன் கோப்புறைக்குள் ஒரு சிறிய கிரப்.சிஎஃப்ஜி உண்டு. மொத்தம் மூன்று வரிகள். குறிப்பிட்ட யூயூஐடி (தனி அடையாள எண்) கொண்ட பார்ட்டிஷனைத் தேடி, அதிலுள்ள மெனுவைப் படி என்பதே அவற்றின் பொருள். அந்த யூயூஐடி உங்கள் /பூட் பார்ட்டிஷனுடையது. ஆகவே கிரப் பழைய மெனுவையே படிக்கிறது. அதில் உள்ள புதிய பதிப்பு 27. அதன் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் அந்தப் பார்ட்டிஷனில் அப்படியே இருக்கின்றன. நீங்கள் தொகுப்பை நீக்கியபோது, டிபிகேஜி மவுண்ட் ஆகாத /பூட் கோப்புறையில் அவற்றைத் தேடி, இல்லாததால் பேசாமல் கடந்து சென்றிருக்கும். ஆனால் 27ஆம் பதிப்பின் மாட்யூல்கள் ரூட் பார்ட்டிஷனில் இருந்ததால் அவை மட்டும் மெய்யாகவே அழிந்துவிட்டன.

அப்படியானால் ரூட் பார்ட்டிஷன் எப்படி மவுண்ட் ஆனது என்று கேட்கலாம். வட்டுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கும் தேவையான மாட்யூல்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே பொதிந்துள்ளன. வீஃபேட் அதில் இல்லை. அதனால்தான் இயந்திரம் பாதி வழி வரை நன்றாக வந்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிடம் வந்ததும் தடுமாறுகிறது. ‘நோஃபெயில்’ சேர்த்திருந்தால் பூட் முடிந்திருக்கும்; பின்னர் ஃபயர்வால், டாக்கர், யூஎஸ்பி கருவிகள் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணம் சொல்லித் தோற்றிருக்கும்.

இயங்கும் கெர்னலைப் பெயரிட்டு நீக்க முயன்றால் டெபியன் வழக்கமாக எச்சரித்து நிறுத்தும். லைவ் யூஎஸ்பியில் அந்தக் காவல் பயன்படாது. இயங்கும் பதிப்பு எது என்று கேட்டால், லைவ் யூஎஸ்பியின் கெர்னலே பதிலாகக் கிடைக்கும். உங்கள் வட்டில் உள்ளவை எல்லாம் அதன் பார்வையில் இயங்காதவை.

மறுமொழி 3

இவ்வளவு சிக்கலுக்குப் பதிலாக, லைவ் யூஎஸ்பியிலிருந்து கிரப்பை மீண்டும் நிறுவும் கிரப்-இன்ஸ்டால் ஒருமுறை இயக்கினால் எல்லாம் சரியாகிவிடாதா? எனக்குப் பூட் கோளாறு வரும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

மறுமொழி 2

இந்த இடத்தில் அது தேவையில்லை. ஓரளவு கேடும் விளையலாம். பூட்லோடர் தன் வேலையைப் பிழையின்றிச் செய்கிறது. /பூட் மவுண்ட் ஆகாத நிலையிலேயே கிரப்-இன்ஸ்டால் இயக்கினால், கிரப் ரூட் பார்ட்டிஷனில் உள்ள கோப்புறையைப் படிக்கத் தொடங்கும். இயந்திரமும் பூட் ஆகும். ஆனால் அடுத்த மேம்படுத்தலில் புதிய கெர்னல் உண்மையான /பூட் பார்ட்டிஷனுக்குப் போகும். கிரப் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இதே குழப்பம் தலைகீழாகத் திரும்பி வரும்.

கேட்டவருக்கு: லைவ் யூஎஸ்பி வேண்டியதில்லை. எமர்ஜென்சி திரையிலிருந்தே சரிசெய்யலாம். /பூட் பார்ட்டிஷன் இப்போது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஃபைண்ட்எம்என்டி கட்டளையால் முதலில் உறுதிசெய்யுங்கள். 28ஆம் கெர்னல் அதன் அடியில் மறைந்திருக்கிறது. சுவரில் எழுதியதன் மேல் நாட்காட்டியை மாட்டியதைப் போல, மவுண்ட் செய்த பார்ட்டிஷன் கீழுள்ளதை மறைக்குமேயன்றி அழிக்காது. அதைப் பார்க்க, ரூட் கோப்புறையை (/) /எம்என்டி என்னும் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்யுங்கள். பைண்ட் மவுண்ட், மேலே மவுண்ட் ஆனவற்றைத் தன்னுடன் எடுத்துச் செல்லாது. ஆகையால் /எம்என்டி/பூட் கோப்புறையில் 28ஆம் பதிப்பின் கோப்புகள் தெரிய வேண்டும்.

அவை தெரிந்தால், டிஎஃப் கட்டளையால் /பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் உள்ளது என்று பாருங்கள். இனிட்ராம்எஃப்எஸ் கோப்புதான் பெரியது. இடம் போதாவிட்டால் 26ஆம் பதிப்பின் கோப்புகளை நீக்கலாம். அதன் மாட்யூல்களும் போய்விட்டதால் அதற்கு இனிப் பயனில்லை. 27ஆம் பதிப்பை மட்டும் இப்போது தொடாதீர்கள். மாட்யூல் இல்லாவிட்டாலும், இந்த எமர்ஜென்சி திரை வரை உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். பிறகு /எம்என்டி/பூட் கோப்புறையிலிருந்து 28ஆம் பதிப்பின் விஎம்லினக்ஸ், இனிட்ரீடி (இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் பெயர்), கான்ஃபிக், சிஸ்டம்.மேப் ஆகிய கோப்புகளை /பூட் பார்ட்டிஷனுக்கு நகலெடுத்து, மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் இயக்குங்கள். வெளியீட்டில் 28ஆம் பதிப்பின் கெர்னலும் இனிட்ரீடி கோப்பும் கண்டறியப்பட்டதாக வரிகள் வர வேண்டும். கெர்னல் மட்டும் வந்து இனிட்ரீடி வராவிட்டால், நகல் முழுமையாகவில்லை என்று பொருள். அந்நிலையில் ரீபூட் செய்ய வேண்டாம், ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக் ஆகும் (இயங்காமல் நின்றுவிடும்). இறுதியில், தொகுப்பின் கோப்புகளைச் சரிபார்க்கும் டிபிகேஜி -வி கட்டளையை அந்தக் கெர்னல் தொகுப்பின் பெயருடன் இயக்குங்கள். விஎம்லினக்ஸ் காணவில்லை என்று அது குறை சொல்லாமல் இருந்தால் ரீபூட் செய்யலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் கூறியபடியே /எம்என்டி/பூட் கோப்புறையில் 28ஆம் பதிப்பின் கோப்புகளும், நான் உருவாக்கிய கிரப் கோப்புறையும் இருந்தன. இடம் போதவில்லை, 26ஆம் பதிப்பை நீக்கிய பிறகே நகல் முழுமையடைந்தது. அப்டேட்-கிரப் 28, 27 இரண்டையும் கண்டறிந்தது. ரீபூட் செய்ததும் நேராக லாகின் திரைக்கு வந்தது. யூநேம் இப்போது 28 என்கிறது, /பூட்/ஈஎஃப்ஐ மவுண்ட் ஆகியிருக்கிறது, சாம்பாவும் இயங்குகிறது.

மறைந்திருக்கும் கோப்புகளை அப்படியே விடலாமா? மெனுவில் 27 இன்னும் இருப்பதால் இடையூறு உண்டா? இனி லைவ் யூஎஸ்பியில் இதே தவறு நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மறுமொழி 4

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிறு கணினியான ராஸ்பெரி பையிலும் இதே வகைச் சிக்கலைக் கண்டிருக்கிறேன். அதன் இயங்குதளத்தின் புக்வார்ம் (டெபியன் 12) பதிப்பிலிருந்து பூட் பார்ட்டிஷன் /பூட் என்ற இடத்திலிருந்து /பூட்/ஃபர்ம்வேர் என்ற இடத்திற்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செயல்படுவோர், பூட்லோடர் படிக்காத இடத்தில் உள்ள கோப்பைத் திருத்திவிட்டு, மாற்றம் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று தேடுகிறார்கள். அங்கே கிரப் கிடையாது என்றாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்: எழுதும் இடமும் பூட்லோடர் படிக்கும் இடமும் ஒன்றா என்பதை ஃபைண்ட்எம்என்டி சொல்லிவிடும்.

மறுமொழி 2

மறைந்திருக்கும் கோப்புகளால் இயக்கத்திற்கு இடையூறு இல்லை. இடம் மட்டுமே வீணாகும். என்றாலும் நீக்கிவிடுவதே நல்லது. அடுத்த முறை யாரேனும் /பூட் மவுண்ட் செய்யாமல் சிஹெச்ரூட் செய்தால், /பூட்/கிரப் கோப்புறை அங்கே இருப்பதால் இம்முறை வந்த பிழைகூட வராது. மீண்டும் பைண்ட் மவுண்ட் செய்து, /எம்என்டி/பூட் கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் நீக்குங்கள். பாதையில் /எம்என்டி விடுபட்டால் உண்மையான /பூட் காலியாகிவிடும். ஆகவே என்டர் தட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

27ஆம் பதிப்பு இப்போது எந்தத் தொகுப்புக்கும் உரியதன்று. ஆப்ட் அதை ஒருபோதும் நீக்காது. 28 ஓரிரு ரீபூட்களைத் தாண்டியதும் அதன் கோப்புகளைக் கைமுறையாக நீக்கி அப்டேட்-கிரப் இயக்குங்கள். அடுத்த மேம்படுத்தல் வரும்போது புதியது ஒன்றும் முந்தையது ஒன்றும் என இரண்டு முழுமையான கெர்னல்கள் இருக்கும். உங்கள் பார்ட்டிஷன் அளவுக்கு அது போதும்.

லைவ் யூஎஸ்பியில், சிஹெச்ரூட் செய்தவுடன் மவுண்ட் -ஏ இயக்கினால் எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ளவை எல்லாம் உரிய இடங்களில் மவுண்ட் ஆகும். இதைவிட உறுதியான காவல் ஒன்றும் உண்டு. மறைந்த கோப்புகளை நீக்கிக் காலியான அந்த /எம்என்டி/பூட் கோப்புறைக்குச் சாட்டர் +ஐ என்னும் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிடுங்கள். பார்ட்டிஷன் அதன் மேல் மவுண்ட் ஆவதை இது தடுக்காது. மவுண்ட் ஆகாத நிலையில் யார் எழுத முயன்றாலும், ரூட் பயனராகவே இருந்தாலும், அனுமதி மறுக்கப்படும். கெர்னல் நிறுவலும் எம்கேடிரும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் கோப்புறையைக் காலிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால் உள்ளே இருப்பவற்றை நீக்கவும் முடியாது.