தாமான் ரோட்டில் பம்ப் (வேகத்தடை): உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:
எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கப்சாய் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன என்று வீட்டுக்காரர்களே காசு சேர்த்து சிமெண்டில் ஒரு பம்ப் போட்டார்கள். வண்டி போகும் திசையில் நீளம் ஒரு முழம்தான், உயரமோ வாசற்படி அளவு. மெதுவாகப் போகிற கார் அடி தட்டித்தான் இறங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மா டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். வேகமாக வருகிறவனுக்கு ஒரே ஒரு குலுக்கல், அவ்வளவுதான். டயரும் ஸ்பிரிங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் உடம்பில் படுவதற்குள் வண்டி தாண்டிவிடுகிறது.

இப்போது இன்னும் உயர்த்தணும் என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். 1973-இல் பிரிட்டனில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்த வடிவம் வண்டி போகும் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகக் கடக்கலாம். 50-இல் வந்தால் ஆளைத் தூக்கிப் போடும். மெதுவாகப் போகிறவரை விட்டுவிட்டு, விரட்டுகிறவனை மட்டும் பிடிக்கும் வடிவம் இதுதான்.

ஆயர் ஈத்தாம் ரைடர்:
பினாங்கிலும் இதே கதை. எங்கள் லோரோங்கில் (சிறு தெருவில்) மழைத்தண்ணீர் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) வடியட்டும் என்று பம்ப் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அது தேவைதான், ஆனால் மோட்டார்களெல்லாம் அந்தச் சந்தில்தான் நுழைகின்றன. பிள்ளைகள் நடக்கிற இடமும் அதுவே! ஓரத்தில் ஒரு கம்பம் நட்டால் போதும். அப்புறம் பெயிண்ட். கோடு அழிந்த பம்ப் இரவு மழையில் கண்ணுக்கே தெரியாது. என் அண்ணன் அப்படி விழுந்துதான் மணிக்கட்டு உடைந்தது.

கெப்போங் வேன்:
நோயாளிகளை ஏற்றிப் போகிறவன் நான். ஒற்றை பம்ப் போட்டால் அதைத் தாண்டியதும் எல்லாரும் மறுபடி முறுக்குகிறார்கள். சுமார் 100 மீட்டருக்கு ஒன்று என்று வரிசையாக இருந்தால்தான் வேகம் அடங்கும். பொம்பா (தீயணைப்பு) லாரி போகிற வழியில் முழு ரோட்டையும் அடைக்காமல் திண்டு திண்டாகப் போடலாம். கார் சக்கரம் அதில் ஏறியாகணும், லாரியின் சக்கரங்கள் அகலமாக விலகியிருப்பதால் திண்டின் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்விடும்.

நீங்களே சிமெண்ட் கொட்டாதீர்கள். அனுமதியில்லாமல் ரோட்டில் தடை வைப்பது மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். நாங்கள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளி வாசலில் முதலில் வேண்டும், மேல்பக்கம் தட்டையாக, பிள்ளைகள் அதன் மேலேயே ரோட்டைக் கடக்கிற மாதிரி.