நோட் பதிப்பை மாற்றியதும் சார்ட் வேலை செய்யவில்லை. கம்பேர் ஃபங்ஷனில் என்ன தவறு?

அரைப்புள்ளி:

வணக்கம். இரண்டு நாளாக ஒரே வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தேர்வு முடிவுகளைக் காட்டும் ஒரு பக்கம். குழுவுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட்: பெயர், மதிப்பெண். அதிக மதிப்பெண் மேலே வர வேண்டும், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த வரி இது. சார்ட் பட்டியலை வரிசைப்படுத்தும், அடைப்புக்குள் இருப்பது இருவரை ஒப்பிடும் கம்பேர் ஃபங்ஷன் (எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்):

பட்டியல்.சார்ட்((அ, ஆ) => அ.மதிப்பெண் < ஆ.மதிப்பெண்)

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளில் பதிப்பு 10-இலிருந்து 20-க்கு மாறினோம். அன்றிலிருந்து பட்டியல் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் அசையாமல் நிற்கிறது. எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பழைய பதிப்பில் ஓட்டினால் ஒழுங்காக வருகிறது.

சார்ட்டே பழுதா என்று பார்க்க, 9, 41, 100 என்ற மூன்று எண்களை மட்டும் எடுத்து, ஃபங்ஷன் எதுவும் தராமல் வெறும் சார்ட் போட்டேன். 100, 41, 9 என்று அழகாக இறங்குவரிசையில் வந்தது. அப்படியானால் ஃபங்ஷன் கொடுத்தால் மட்டும் நோட் 20 சொதப்புகிறதா?

பழையகன்சோல்:

முதலில் அந்த 100, 41, 9 விஷயத்தை முடித்துவிடுவோம். அது இறங்குவரிசை இல்லை, தற்செயல். ஃபங்ஷன் இல்லாவிட்டால் சார்ட் ஒவ்வொன்றையும் எழுத்துச் சரமாக மாற்றி, முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டு, ஏறுவரிசையில் அடுக்கும். '1', '4', '9' என்ற வரிசைதான் நீங்கள் பார்த்தது. அதே பட்டியலில் 72, 5 இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். 100, 41, 5, 72, 9 என்று வரும்.

இனி உங்கள் வரி. பக் நோட்டில் இல்லை, அந்த '<' குறியில்தான். கம்பேர் ஃபங்ஷனிடம் சார்ட் எதிர்பார்ப்பது ஆமாம்/இல்லை அல்ல, ஒரு எண். அ முன்னால் வர வேண்டுமானால் எதிர்ம எண், ஆ முன்னால் வர வேண்டுமானால் நேர்ம எண், இரண்டும் சமமானால் 0. உங்கள் ஃபங்ஷன் ட்ரூ அல்லது ஃபால்ஸ் தருகிறது. எண்ணாக மாற்றினால் அவை 1, 0. எதிர்ம எண் என்ற பதில் அதன் வாயிலிருந்து வரவே வராது.

அப்படியிருந்தும் பழைய பதிப்பில் ஏன் ஓடியது? நோட்டுக்குள் இருக்கும் வி8 எஞ்சின், முன்பெல்லாம் 10 உறுப்பு வரை உள்ள அரேக்களுக்கு (பட்டியல்களுக்கு) இன்செர்ஷன் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைப் பயன்படுத்தியது, அதற்கு மேல் போனால் குவிக்சார்ட் என்ற முறையை. உங்களுக்கு எட்டே பேர், தப்பித்தீர்கள். பதினோராவது ஆள் சேர்ந்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். 2018-இல் வி8 7.0 வந்தபோது டிம்சார்ட் என்ற வேறு முறைக்கு மாறினார்கள். குரோம் 70, நோட் 11 முதல் அதுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 41, 72 என்று இரண்டே பேரை வைத்து, ஃபங்ஷனுக்குள் அ, ஆ இரண்டையும் கன்சோலில் அச்சிடுங்கள். நோட் 10-இல் அ = 41, ஆ = 72 என்று வரும். 41 < 72 ட்ரூ, அதாவது 1, "ஆ முன்னால் வரட்டும்" என்று எடுத்துக்கொண்டு இடம் மாற்றும். நோட் 20-இல் அ = 72, ஆ = 41 என்று தலைகீழாக வரும். 72 < 41 ஃபால்ஸ், அதாவது 0. "ஓ, இரண்டும் சமம்" என்று அப்படியே விட்டுவிடும். எட்டுப் பேருக்கும் 0 அல்லது 1 மட்டுமே வரும், இரண்டுமே "இருப்பது இருக்கட்டும்" என்ற பதில்தான். எதிர்ம எண்ணே வராதபோது அது எதை நகர்த்தும்?

கழித்தால் போதும்: ஆ.மதிப்பெண் - அ.மதிப்பெண்.

அரைப்புள்ளி:

கன்சோலில் பார்த்தேன், 72, 41 என்றுதான் வந்தது! கழித்தலுக்கு மாற்றினேன், இரண்டு குழு சரியாகிவிட்டது. மூன்றாவது குழு மட்டும் முரண்டு பிடிக்கிறது. அதில் ஒருவர் தேர்வுக்கு வரவில்லை, மதிப்பெண் இடத்தில் "வரவில்லை" என்றே எழுதியிருக்கிறார்கள். அவர் எங்கே போனாலும் பரவாயில்லை, ஆனால் மற்றவர்களும் கலைந்து கிடக்கிறார்கள். சுருக்கிப் பார்த்தேன்: 41, வரவில்லை, 72. சார்ட் செய்த பிறகும் அதே 41, வரவில்லை, 72.

குறுக்குவழி:

ஏறுவரிசையில் சார்ட் செய்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். எனக்கு எப்போதும் அது வேலை செய்யும்.

நாலாவதுவரி:

ரிவர்ஸ் இங்கே உதவாது. கோளாறு திசையில் இல்லை.

எண்ணிலிருந்து "வரவில்லை" என்ற சொல்லைக் கழித்தால் கிடைப்பது நேன், அதாவது 'எண்ணே அல்ல'. ஃபங்ஷன் நேன் தந்தால் சார்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். விளைவு: வராதவர் 41-க்கும் சமம், 72-க்கும் சமம், ஆனால் 41-உம் 72-உம் சமமில்லை. உங்கள் மூன்று பேரில் டிம்சார்ட் முதலில் 'வரவில்லை'யை 41-உடன் ஒப்பிடுகிறது, சமம். அடுத்து 72-ஐ 'வரவில்லை'யுடன், அதுவும் சமம். ஏற்கெனவே வரிசையாகத்தான் இருக்கிறது என்று முடித்துக்கொள்கிறது. 41-உம் 72-உம் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. முரணான பதில் தரும் ஃபங்ஷனுக்கு என்ன வரிசை கிடைக்கும் என்று விதிமுறையே உறுதி தருவதில்லை. அதனால் எஞ்சினைக் குறை சொல்லவும் வழியில்லை.

இன்னொரு கண்ணி: மதிப்பெண் வெற்றுச் சரமாக இருந்தால் நேன் வராது, 0 ஆகிவிடும். நல் (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) இருந்தாலும் அப்படித்தான். வராதவர், பூஜ்யம் வாங்கியவரோடு போய் உட்கார்ந்துகொள்வார். இது அதைவிட மோசம், ஏனென்றால் பார்த்தால் சரியாக இருப்பது போலவே இருக்கும்.

எனவே முதலில் வந்தவர், வராதவர் என்று பிரியுங்கள், அப்புறம் மதிப்பெண். தரவு உள்ளே வரும்போதே ஒவ்வொருவருக்கும் 'வந்தார்' என்று ஒரு ட்ரூ/ஃபால்ஸ் புலம் வைத்துவிட்டு:

(அ, ஆ) => ஆ.வந்தார் - அ.வந்தார் || ஆ.மதிப்பெண் - அ.மதிப்பெண் || அ.பெயர்.லோக்கேல்கம்பேர்(ஆ.பெயர், தமிழ்)

முதல் கழித்தல் 0 ஆனால்தான் அடுத்ததற்குப் போகும். இருவருமே வராதவர்கள் என்றால் நடுவில் நேன் வரும், அதுவும் 0 போலவே ஃபால்ஸாகக் கருதப்படும் பொய்மதிப்புதான், பேசாமல் பெயருக்குத் தாண்டிவிடும். லோக்கேல்கம்பேர் ஒரு மொழியின் அகரவரிசைப்படி சரங்களை ஒப்பிடும். 'தமிழ்' என்பது தமிழுக்கான மொழிக் குறியை வைத்திருக்கும் மாறிலி. (அ, ஆ என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பது ஜாவாஸ்கிரிப்டில் உண்மையிலேயே செல்லும்.)

அரைப்புள்ளி:

வந்துவிட்டது, மிக்க நன்றி! ஒரு சின்ன சந்தேகம். பெயரை ஒப்பிட லோக்கேல்கம்பேர் எதற்கு? சரங்களை '<' வைத்தே ஒப்பிட்டு 1, -1 தந்தால் ஆகாதா?

நாலாவதுவரி:

ஆங்கிலத்திலேயே தடுமாறும், பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்துக்கு முன்னால் போய்விடும். தமிழில் இன்னும் மோசம். '<' பார்ப்பது யூனிகோட் எண்ணை. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தபடி இருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, ழவும் ளவும் வ-வுக்கு முன்னால். மனோகரி, மரகதம் இருவரும் ஒரே மதிப்பெண் என்றால் '<' மனோகரியை முன்னால் வைக்கும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்த நமக்கு மரகதம்தான் முதலில். லோக்கேல்கம்பேர் அந்த வரிசையைத்தான் தரும்.

நல்லவேளை 20-க்கு மாறினீர்கள். நோட் 13-க்கு முன்பு வழக்கமாகக் கிடைத்த பதிப்பில் ஆங்கிலத்துக்கான மொழித் தரவு மட்டுமே இருந்தது.

அரைப்புள்ளி:

பெயர்களும் சரி. ஆனால் இப்போது பக்கத்தின் கீழே 'பதிவு வரிசை' என்று இன்னொரு அட்டவணை இருக்கிறது, அதுவும் மதிப்பெண் வரிசைக்கு மாறிவிட்டது. அதன் கோடை நான் தொடவே இல்லை.

பழையகன்சோல்:

இரண்டு அட்டவணையும் ஒரே அரேயிலிருந்துதானே வருகிறது? சார்ட் புது அரே எதையும் செய்து தராது. இருப்பதையே கலைத்து அடுக்கி, அதையே திருப்பித் தரும். நோட் 20-இல் டூசார்ட்டட் இருக்கிறது, அது அடுக்கியதைப் புது அரேயாகத் தரும். ஜாவாஸ்கிரிப்டின் விதிமுறையான எக்மாஸ்கிரிப்ட் 2023-இல் வந்தது. சார்ட்டுக்குப் பதில் அதைப் போடுங்கள், ஃபங்ஷன் அதேதான். பழைய அரே பதிவு வரிசையிலேயே இருக்கும்.

அரைப்புள்ளி:

டூசார்ட்டட் போட்டேன், கீழ் அட்டவணை பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டது. சார்ட்டுக்குள் '<' இருக்கும் மற்ற இடங்களைத் தேடினேன். இதே திட்டத்தில் இன்னும் ஆறு.